சாக்லேட்டை விட்டால் பரு போகுமா? தோல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 19. முகம் முழுக்கப் பரு. சாக்லேட்டை விட்டு மூன்று மாதமாகிறது. ஒரு மாற்றமும் இல்லை. இன்னும் எதைத்தான் விடுவது?

சாக்லேட் மேல் பழி விழுந்து பல காலமாயிற்று. 1969-இல் அமெரிக்காவில் 65 பேருக்குச் சாக்லேட் கட்டி கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் பரு கூடவில்லை என்று முடிவு வந்தது. ஆனால், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த சாக்லேட் இல்லாத கட்டியிலும் கிட்டத்தட்ட அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்தன. அப்புறம் வித்தியாசம் எப்படித் தெரியும்?

நான் முதலில் சந்தேகப்படுவது சர்க்கரையைத்தான். இனிப்பும் மைதா மாதிரித் தீட்டிய மாவும் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். அதை இறக்க இன்சுலின் கூடுதலாகச் சுரக்கும். அந்த இன்சுலினும், கூடவே ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளை முடுக்கிவிடும். 2007-இல் ஆஸ்திரேலியாவில் இளைஞர்களுக்கு 12 வாரம் சர்க்கரையை மெல்ல ஏற்றும் உணவாகக் கொடுத்தபோது பரு குறைந்தது. நீங்கள் சாக்லேட்டை விட்டீர்கள், சரி. குளிர்பானத்தை?

பால் விஷயத்தில் ஆதாரம் அவ்வளவு உறுதியில்லை. ஜிம்முக்குப் போகிறவர் என்றால், பாலிலிருந்து எடுக்கும் அந்த வே புரோட்டீன் டப்பாவை இரண்டு மாதம் மூடி வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும்: சாப்பாட்டை மாற்றிவிட்டோமே என்று களிம்பைத் தள்ளிப்போடாதீர்கள். பரு ஆறிவிடும், தழும்பு தங்கிவிடும்.

கேள்வி: கழுத்தின் பின்பக்கம் கறுத்துப்போய்விட்டது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. என்ன பழச்சாறு குடிக்கலாம்?

முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். அது அழுக்கு இல்லை. தேய்த்துத் தேய்த்துக் கழுத்தைப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

விரலால் தடவிப் பாருங்கள். வெல்வெட் துணி மாதிரித் தடிப்பாக, வரிவரியாக இருக்கிறதா? அக்குளிலும் அப்படியா? அப்படியானால் அது பெரும்பாலும் அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ். உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது ரத்தத்தில் இன்சுலின் மிகுந்துவிடும். அது தோல் செல்களை வேகமாகப் பெருகச் செய்யும். தோல் தடித்துக் கறுக்கும். இதற்குப் பழச்சாறு குடிப்பது எரிகிற அடுப்பில் விறகு வைப்பதுதான். பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள்.

ரத்தச் சர்க்கரையையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவையும் பரிசோதித்துவிடுங்கள். பெண்ணாக இருந்து மாதவிடாயும் தள்ளிப்போகிறது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எடை கூடுதலாக இருந்தால், அது குறையக் குறையக் கருமையும் மெல்ல மங்கும். அரிதாக, நடுத்தர வயதுக்கு மேல் இது திடீரென்று வந்து வேகமாகப் பரவும், காரணமில்லாமல் எடையும் குறையும். அப்போது ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

கேள்வி: நிறம் கூடும் என்று தினமும் கேரட் சாறு குடித்தேன். உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் காமாலையா?

கண்ணாடி முன் நின்று கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். காமாலை என்றால் அதுவும் மஞ்சளாக இருக்கும். கண் வெள்ளையாகவே இருந்து உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கோரம் மட்டும் மஞ்சள் என்றால், அது கேரட்டின் கரோட்டின் தோலில் படிந்தது. ஆபத்தில்லை. சாற்றை நிறுத்தினால் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் போய்விடும். கண்ணிலும் மஞ்சள் தெரிந்தால் இன்றே மருத்துவரைப் பாருங்கள். நிறம் கூடுமென்று ஆரம்பித்தீர்கள். ஒருவகையில் கூடத்தான் செய்திருக்கிறது!

கேள்வி: தினமும் நாலு லிட்டர் தண்ணீர் குடித்தும் தோல் வறண்டே இருக்கிறதே?

தாகத்துக்குக் குடித்தால் போதும், மிச்சம் சிறுநீராகப் போய்விடும். தோலின் ஈரத்தைப் பிடித்து வைப்பது மேலடுக்கில் உள்ள கொழுப்புப் பூச்சு. வெந்நீரும் சோப்பும் அதைத்தான் கரைக்கின்றன. குளித்துத் துவட்டிய கையோடு மாய்ஸ்சரைசர் தடவுங்கள்.

கேள்வி: தோல் பளபளக்க பயோட்டின், கொலாஜன் வாங்கலாமா?

கொலாஜன் என்பது தோலைத் தாங்கும் புரதம். அதன் பொடி வயிற்றுக்குள் போனதும் துண்டு துண்டாகச் செரித்துவிடும். அப்படியே முகத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளாது. பலன் இருப்பதாகச் சொல்லும் ஆய்வுகளில் பல, விற்பவர்களின் பணத்தில் நடந்தவை. உடல் தானே கொலாஜன் கட்ட வைட்டமின் சி வேண்டும். அது சாதாரணக் காய்கனியிலேயே கிடைக்கும்.

பயோட்டின் என்ற பி வைட்டமின் நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். கடை மாத்திரைகளில் 5,000, 10,000 என்று இருக்கும். குறைபாடு இல்லாதவருக்கு அதனால் லாபமில்லை. அது ரத்தப் பரிசோதனையையும் குழப்பும்: தைராய்டு முடிவு தப்பாக வரலாம், மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் குறைவாகத் தெரியலாம். ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்றால், ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.