அந்த ஒயர் எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இதயத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க ஈப்போவுக்குக் கூட்டிப் போனோம். முதல் நாள்தான் இ.சி.ஜி. எடுத்திருந்தார்கள். மறுபடியும் நெஞ்சு முடியை மழித்து ஒயர் ஒட்டினார்கள். கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்தேன், கோடு கன்னாபின்னாவென்று ஓடியது. "துடிப்பு சீராக இல்லை, இன்னொரு நாள் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மாரடைப்பு அறிகுறியா, ஐயா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, அந்தக் கோட்டை வைத்து மாரடைப்பு என்று யாரும் சொல்ல முடியாது. இரத்தம் உப்புத் தண்ணீர் மாதிரி. எம்.ஆர்.ஐ. மெஷினின் பலமான காந்தத்துக்குள் அது ஓடும்போது தானே கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கி, இ.சி.ஜி. கோட்டில் ஒரு மேட்டைத் தூக்கிக் காட்டும். நல்ல இதயத்துக்கும் அப்படித்தான். நானே எம்.ஆர்.ஐ. அறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்து டாக்டரைக் கூப்பிட ஓடியிருக்கிறேன்!

அந்த ஒயர் நோய் பார்க்க அல்ல, மெஷினுக்கு நேரம் சொல்ல. லயத்து வீட்டில் உத்திரத்தில் ஸ்பிரிங் தொட்டில் கட்டியிருப்போமே, ஆடுகிற பிள்ளையைப் படம் பிடித்தால் முகம் கலங்கித்தானே விழும்? தொட்டில் மேலே வரும் அதே நொடியில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்தால் முகம் தெளியும். எம்.ஆர்.ஐ. செய்வதும் அதுதான். இ.சி.ஜி.யின் கூரான முனையை அடையாளம் வைத்து, மூச்சை அடக்கிய பத்துப் பதினைந்து விநாடியில், பல துடிப்புகளிலிருந்து ஒரு படத்தைச் சேர்க்கும். பிள்ளை நடுவில் உதைத்தால் தொட்டில் தாளம் தப்புகிறதல்லவா? துடிப்பு முன்னே பின்னே போனாலும் துண்டுகள் பொருந்தாது. தப்பிய துடிப்பை ஒதுக்கிவிட்டு எடுக்கலாம், நேரம் பிடிக்கும். துடிப்புக்குக் காத்திராமல் வேகமாக எடுக்கும் முறையும் உண்டு, படம் அவ்வளவு கூர்மையாக வராது. துடிப்பு ஏன் தப்புகிறது என்பதை மட்டும் இதய டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

அடுத்த முறை போகும்போது நெஞ்சில் கோடாலித் தைலம் தடவ விடாதீர்கள். ஒரு பெரியவருக்கு மூன்று முறை ஒட்டியும் வழுக்கிக்கொண்டே வந்தது, அறையெல்லாம் தைல வாசம். மூச்சை வெளியே விட்டு அடக்கிப் பழகச் சொல்லுங்கள், ஒவ்வொரு தடவையும் ஒரே அளவாக. இடுப்பில் வெள்ளித் தாயத்து இருந்தால் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். கடைசி நிமிஷத்தில் கேட்டால் பெரியவர்கள் முறைப்பார்கள்.