பெரிய கெண்டை பிழைக்க, குஞ்சு மட்டும் சாவது ஏன்?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். ஐப்பசியில் மேல் வயல்களில் பூச்சிமருந்து அடித்த மறுநாள் மழை கொட்டியது. இரண்டு நாள் கழித்துக் கண்மாய் ஓரத்தில் மீன்குஞ்சுகள் வட்டமடித்துச் செத்தன. சிலவற்றுக்கு முதுகு வளைந்திருந்தது. பெரிய கெண்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டப்பாவில் நீல முக்கோணம் போட்ட மருந்து மீனை ஒன்றும் செய்யாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: குஞ்சுகள் மட்டும் செத்தன என்று தாங்கள் கவனித்து எழுதியிருப்பதே முக்கியமான தடயம். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் விடியற்காலையில் பெரிய மீன்களே முதலில் மேலே வந்து வாயைப் பிளக்கும்; நஞ்சு கலந்தால் பெரும்பாலும் சிறியவை முந்திச் சாகும். ஆகவே மருந்தின் மேல் சந்தேகம் கொள்வது நியாயமே, எனினும் நீரைப் பரிசோதிக்காமல் உறுதி சொல்ல இயலாது.

முட்டைக்குள் இருக்கும்வரை அதன் சவ்வு ஓரளவு காப்பாற்றும். பொரிந்து வெளிவந்த குஞ்சுக்கு அந்தக் காப்பும் இல்லை, நஞ்சை முறிக்கும் ஆற்றலும் உடலில் இன்னும் முதிரவில்லை. குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகள் நரம்பின் தூண்டுதலை அடக்கும் நொதியை முடக்கிவிடுவதால், தசைகள் ஓயாமல் இறுகி, வளரும் முதுகுத்தண்டு வளைந்துபோகக்கூடும். சைபர்மெத்ரின் வகை மருந்துகளோ நரம்பை அடங்கவிடாமல் துடிக்கச் செய்கின்றன. வட்டமடிப்பது அதனால் இருக்கலாம்.

ஆய்வகங்களில் வரிமீன் (ஜீப்ரா மீன்) என்னும் சிறு மீனின் முட்டைகளை வைத்து இதைக் கண்ணாரக் காண்கிறார்கள். கண்ணாடிபோன்ற அந்த முட்டைக்குள் ஒரே நாளில் இதயம் துடிக்கத் தொடங்கும். மருந்து கலந்த நீரில் அந்தத் துடிப்பு தளர்கிறது, இதயத்தைச் சுற்றி நீர் கோக்கிறது, பொரிந்த பின்னும், மீன் மிதக்க உதவும் காற்றுப்பை உப்புவதில்லை. அப்படிப்பட்ட குஞ்சு செத்து மிதக்காமலே கொக்குக்கும் விராலுக்கும் இரையாகிவிடும் என்பதால், கண்மாயின் உண்மையான இழப்பு நம் கண்ணுக்குத் தெரிவதைவிடப் பெரிது என்றே நான் நினைக்கிறேன்.

முக்கோணத்தின் நிறம் எலி போன்ற பாலூட்டிகளுக்கு எவ்வளவு நஞ்சு என்பதைக் குறிப்பது. மீனைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. மீனுக்கு எவ்வளவு சிறிய அளவு போதும் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழம் நீர் நின்றால் அது 1 கோடி லிட்டர். 10 சதவீத சைபர்மெத்ரின் 100 மில்லியில் 10 கிராம் மருந்து உண்டு. அது முழுவதும் கரைந்தால் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் வரும். ஒரு பகுதி சேற்றில் ஒட்டிக்கொள்ளும் என்றாலும், லிட்டருக்குச் சில மைக்ரோகிராமே பல மீன்களைக் கொல்லப் போதுமானது.

நம் பக்கத்தில் மேல் கண்மாயின் வயல் வடிகாலே கீழ்க் கண்மாய்க்கு வரத்தாகிறது. எனவே மழை மூட்டம் இருக்கும் நாளில் மருந்தடிக்க வேண்டாம். அடித்த வயலின் நீரைச் சில நாள் வடிக்காமல் கட்டி வையுங்கள். தெளிப்பானை வரத்துக்காலிலோ மடையிலோ கழுவ வேண்டாம். மீண்டும் இப்படி நேர்ந்தால், அன்றே சுத்தமான கண்ணாடிப் புட்டியில் நீர் எடுத்து, ஐஸில் வைத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். துடிக்கும் குஞ்சுகளை வெள்ளை எனாமல் கிண்ணத்தில் விட்டுப் படமும் எடுங்கள். செத்து மிதக்கும் மீனைச் சமைக்கவோ கோழிக்குப் போடவோ வேண்டாம், கரையைவிட்டுத் தள்ளிப் புதைத்துவிடுங்கள்.