நான்கு ஏக்கர் தரிசில் காட்டாமணக்கு வைக்கலாமா?

கேள்வி: ராணுவத்தில் ஓய்வு பெற்று, ராதாபுரம் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறேன். நான்கு ஏக்கர் செம்மண் தரிசும் ஒரு கிணறும் உண்டு. ராஜஸ்தானில் இருந்தபோது காட்டாமணக்குத் தோட்டம் ஒன்று உறைபனியில் கருகியதைப் பார்த்தேன். நம்மூரில் உறைபனி கிடையாதே, பயோடீசலுக்காக இங்கே வைத்தால் வருமா? தரிசு பசுமையானால் ஊருக்கும் நல்லதுதானே?

பதில்: நீங்கள் பார்த்தது சரிதான் அண்ணாச்சி. காட்டாமணக்கு மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துச் செடி, உறைபனி தாங்காது. வறட்சியும் உறைபனியும் சேர்ந்த சீமையில், இருந்த புல்லையும் புதரையும் உழுது அழித்துவிட்டு அதை வைத்தால், செடி கருகிய பிறகு மண்ணைப் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

இங்கே அது கருகாது, நன்றாகவே பிழைக்கும். ஆனால் பிழைப்பது வேறு, காய்ப்பது வேறு. 2003-ல் மத்தியத் திட்டக்குழு இந்தச் செடியைப் பெரிதும் நம்பியது; 2011-12-க்குள் டீசலில் 20 சதவீதம் கலப்பது இலக்கு. அது நடக்கவில்லை. மானாவாரியில் பல இடங்களில் எக்டேருக்கு ஒரு டன் விதைகூடத் தேறவில்லை. ஒரு லிட்டர் எண்ணெய்க்கோ ஏறக்குறைய நான்கு கிலோ விதை வேண்டும்.

விளைச்சல் போதவில்லை என்றதும் மோட்டாரைப் போடத்தான் தோன்றும். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் மழை. தென்மேற்கு மழை மலையோடு நின்று, காற்று மட்டும் இறங்கி வரும். அந்த இரண்டு மாத மழையில் ஊறிய கிணற்றை டீசலுக்காக இறைப்பது எனக்குச் சம்மதமில்லை. குடிக்கிற தண்ணீர் அது.

அந்தக் காற்றையும் கணக்கில் எடுங்கள். வறட்சியில் காட்டாமணக்கு இலையை உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். இடையில் களையில்லாமல் உழுது வைத்திருப்பீர்கள். ஆடிக் காற்றில் மேல்மண் பக்கத்து வயலுக்குப் போய்விடும்.

நாம் தரிசு என்கிறோமே, அதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். குடை விரித்ததுபோல் நிற்கும் உடைமரத்தின் அடியில் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்துங்கள். வெளியே சிவந்து இறுகிக் கிடக்கிற மண், அங்கே கறுத்துப் பொலபொலவென்று வரும்; ஆட்டுப் புழுக்கையும் உதிர்ந்த இலையும் மக்கிச் சேர்ந்த மண் அது. அந்த உடங்காயைத் தின்றுதான் ஊர் ஆடுகள் கோடையைத் தாண்டுகின்றன. காட்டாமணக்கை ஆடு கடிக்காது. 2010-ல் தமிழ்நாட்டுத் தோட்டங்களை ஆராய்ந்தவர்களும் இதைத்தான் கண்டார்கள்: விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, உணவுக்கும் தீவனத்துக்கும் இருந்த இடமும் போயிற்று.

விஷத்தையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பு விதையை உடைத்தால் உள்ளே வெள்ளைப் பருப்பு. நிலக்கடலை மாதிரி ருசிக்கும். பிள்ளைகள் தின்றுவிட்டு வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரிக்கு வருவது அதனால்தான். பிண்ணாக்கு உரமாகும், தீவனமாகாது.

ஆகவே நிலம் முழுக்க வைக்காதீர்கள். வேலியாக வேண்டுமானால் ஒரு வரிசை வையுங்கள், பள்ளிக்கூடப் பாதைப் பக்கம் அதுவும் வேண்டாம். உடைமரங்களை வெட்டாதீர்கள். சீமைக்கருவேல் இருந்தால் அதை மட்டும் வேரோடு எடுங்கள். எண்ணெய் மரம்தான் வேண்டும் என்றால் தண்ணீர் வடிந்து ஓடும் ஓரத்தில் புங்கம் வையுங்கள். நம் மண்ணின் மரம், வேர்முடிச்சால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும், அவசரப்பட முடியாது. ஐப்பசி முதல் மழையில் கன்றை ஊன்றி, முதல் இரண்டு கோடைக்கு மட்டும் குடத்தால் தண்ணீர் ஊற்றுங்கள். ஆடு எட்டாதபடி முள்ளை வெட்டி அடைத்துவிடுங்கள்.