முகாமில் கூட்டம் குறைந்துவிட்டதே!

கேள்வி: மருத்துவர்களும் செவிலியர்களுமாக நாங்கள் ஒரு குழு. ஆண்டுதோறும் ஒரே சமூக கிளினிக்குக்குப் போய் இலவச முகாம் நடத்துகிறோம். முன்பெல்லாம் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். இப்போது கூட்டம் பாதிகூட இல்லை. 'மருந்து வேண்டாம், எங்கள் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள்' என்கிறார் அங்குள்ள மருத்துவர். இனியும் நாங்கள் போகத்தான் வேண்டுமா?

பதில்: கட்டாயம் போங்கள். ஆனால் அவர் கேட்டதைச் செய்யப் போங்கள்.

நானும் செவிலியராகப் பல ஆண்டுகள் இப்படிப் போய் வந்தவள். ஆரம்பத்தில் பெட்டி பெட்டியாகச் சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை, வலி மாத்திரை கொண்டுபோவோம். ஒரு அம்மாவுக்கு ரத்த அழுத்தம் மிக அதிகம். கையிலிருந்த மாத்திரையில் ஒரு மாதத்துக்குக் கொடுத்தோம். அடுத்த ஆண்டு வந்தபோது, தீர்ந்துபோன அதே அட்டையைப் பத்திரமாக எடுத்துக் காட்டினார். அழுத்தம் குறையவே இல்லை. அந்த மாத்திரை கிளினிக்கின் இருப்பில் கிடையாது. பிறகு யார் கொடுப்பார்கள்?

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் முகாமுக்கு அடங்குகிற நோய்கள் அல்ல. எச்பிஏ1சி பரிசோதனையே கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை நிலையைத்தான் சொல்கிறது. மாதாமாதம் பார்த்து, மருந்தைக் கூட்டிக் குறைக்க அங்கேயே ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் கிளினிக்கில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். முகாமுக்காகக் காத்திருக்காமல் மக்கள் அவரிடமே போகிறார்கள் என்றால், எனக்கு அதைவிட மகிழ்ச்சியான செய்தி இல்லை. சந்தேகமிருந்தால் கிளினிக்கின் வருகைப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள்.

மருந்து விஷயத்திலும் அவர் சொல்வதே சரி. உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே மருந்து நன்கொடைக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பெறுபவரின் தேவைக்கு ஏற்ற மருந்தாக இருக்க வேண்டும், போய்ச் சேரும்போது காலாவதியாகப் பொதுவாக ஓராண்டாவது மீதமிருக்க வேண்டும் என்கிறது அது.

அறுவை சிகிச்சையிலும் இந்த மாற்றம் வந்திருக்கிறது. 1999-இல் தொடங்கிய ஸ்மைல் ட்ரெயின் என்ற தொண்டு நிறுவனம், உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு சிகிச்சைக்கு அந்தந்த நாட்டு மருத்துவர்களையே பயிற்றுவிக்கிறது. அண்ணப் பிளவுள்ள குழந்தைக்குத் தையல் போட்டால் மட்டும் போதாது. பேச்சுப் பயிற்சி ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். விமானம் ஏறிப் போய்விடுகிறவர்களால் அது முடியுமா?

சரி, இந்த முறை என்ன செய்யலாம்? நோயாளிகளை உங்கள் மருத்துவர்கள் தனியாகப் பார்க்க வேண்டாம். கிளினிக் செவிலியர் பார்க்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். சர்க்கரை நோயாளியின் பாதத்தைச் சோதிப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, கருவிகளைக் கிருமி நீக்குவது எல்லாம் அப்படிச் சேர்ந்து செய்தால்தான் கைக்கு வரும். குறிப்புகளையும் அவர்களுடைய பதிவேட்டிலேயே எழுதுங்கள். அப்புறம், ஊர் திரும்பியதும் மாதம் ஒருமுறை போனில் பேச நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். சிக்கலான நோயாளியைப் பற்றி யாரிடமாவது கேட்க வேண்டும் என்ற தவிப்பு அங்கிருப்பவர்களுக்கு எப்போதும் உண்டு.