ஒரே கட்டளையில் பில்ட் ஆகிவிட்டால் பையனுக்கு என்ன வேலை?

கேள்வி: என் மகன் ஈசிஇ மூன்றாம் ஆண்டு. கூடப் படிக்கிறவர்கள் வெப் டெவலப்மென்ட், டேட்டா சயின்ஸ் என்று போக, இவன் மட்டும் யோக்டோ என்று ஏதோ ஒன்றை ஓடவிட்டு, லேப்டாப்பை அணைக்காமலே தூங்குகிறான். கேட்டால் "லினக்ஸ் பில்ட் ஆகுதுப்பா" என்கிறான். இப்போது அந்த செட்டப் வேலையை ஒரே கட்டளையில் முடிக்க ஒரு டூல் இருக்கிறதாம், அதைப் படிக்கிறானாம். தானாக முடிகிற வேலைக்கு யார் சம்பளம் தருவார்கள்? 60 ஆயிரம் ரூபாயில் ஒரு கோர்ஸ் சேரவா என்றும் கேட்கிறான். (ஒரு தந்தை, ஈரோடு)

பதில்: ஐயா, அதைத் தானாக முடியும்படி செய்கிறவருக்குத்தான் சம்பளம் தருகிறார்கள். எப்படி என்று சொல்கிறேன்.

கார் டேஷ்போர்டு திரை, வைஃபை ரவுட்டர், தொழிற்சாலை கன்ட்ரோலர் என்று பல கருவிகளுக்குள் ஓடுவது லினக்ஸ். லேப்டாப்பில் உபுண்டு போடுவதுபோல அதை இறக்கிப் போட்டுவிட முடியாது. கருவியின் சர்க்யூட் போர்டுக்கு ஏற்றபடி, அதைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர், லினக்ஸின் மையமான கெர்னல், லைப்ரரிகள் எல்லாவற்றையும் சோர்ஸ் கோடிலிருந்து கட்டி, கருவியில் அப்படியே ஏற்றும் ஒரு இமேஜ் ஃபைலாக எடுக்க வேண்டும். இதைத்தான் பில்ட் என்கிறான். அதற்கான கருவித்தொகுப்புதான் யோக்டோ. லினக்ஸ் ஃபவுண்டேஷன் 2010இல் அறிவித்த திட்டம். முதல் பில்ட் மணிக்கணக்கில் ஓடும். அதனால் லேப்டாப்பை அணைக்காததற்காகப் பையனைத் திட்ட வேண்டாம்.

யோக்டோவில் எல்லாம் லேயராக, அதாவது தனித்தனித் தொகுப்பாக வரும். ராஸ்பெரி பை போர்டுக்கு ஒரு லேயர், கூடுதல் மென்பொருளுக்கு ஒரு லேயர், கம்பெனிக்கென்று சொந்தமாக ஒன்று. ஒவ்வொன்றையும் கிட்டிலிருந்து (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் டூல்) இறக்கி, சரியான பிராஞ்சுக்கு, அதாவது பதிப்புக் கிளைக்கு மாற்றி, எந்தெந்த லேயர் என்று ஒரு ஃபைலிலும், எந்த போர்டு, என்னென்ன பேக்கேஜ் என்று இன்னொரு ஃபைலிலும் எழுத வேண்டும். இந்த இரண்டு ஃபைலும் பில்ட் டைரக்டரிக்குள் கிடப்பதால் பெரும்பாலும் கிட்டுக்குள் சேர்வதே இல்லை. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கிர்க்ஸ்டோன், ஸ்கார்த்கேப் என்பவை யோக்டோ பதிப்புகளின் பெயர்கள். ஒரு லேயர் கிர்க்ஸ்டோன் பிராஞ்சிலும் மற்றவை ஸ்கார்த்கேப் பிராஞ்சிலும் இருந்தால், "இந்த லேயர் பொருந்தாது" என்று சொல்லி, யோக்டோவில் பில்டை ஓட்டும் பிட்பேக் தொடக்கத்திலேயே நின்றுவிடும். அது நல்ல பிழை, உடனே தெரிந்துவிடுகிறது. மோசமானது வேறு. பிராஞ்ச் ஒன்றுதான், கமிட் (கிட்டில் பதிவான ஒரு குறிப்பிட்ட நிலை) வேறு. ஒருவர் போன மாதம் இறக்கியது, இன்னொருவர் நேற்று இறக்கியது. இரண்டும் ஒழுங்காக பில்ட் ஆகும். இமேஜ் மட்டும் ஒன்றாக இருக்காது. சீனியர் ஒருவரின் கணினியில் மட்டும் சரியாக வருகிற பில்ட் பல டீம்களில் உண்டு. அவர் வேலை மாறினால் கைப்பக்குவமும் அவரோடு போய்விடும்.

உங்கள் மகன் படிப்பது காஸ் என்ற டூலாக இருக்கலாம். சீமென்ஸில் தொடங்கி ஓப்பன் சோர்ஸாக வந்தது. எந்த ரெப்போ (கிட்டில் கோடு இருக்கும் இடம்), எந்த கமிட், எந்த மெஷின், எந்த இமேஜ் என்று யாமல் என்ற எளிய வடிவில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி, "காஸ் பில்ட்" என்று ஒரு வரி அடித்தால், இறக்குவது முதல் அந்த இரண்டு ஃபைலை எழுதி பிட்பேக்கை ஓட்டுவது வரை அதுவே பார்த்துக்கொள்ளும். எந்தக் கணினியிலும் ஒரே சூழலைத் தரும் டாக்கருக்குள் ஓட்டும் வழியும் உண்டு. என்எக்ஸ்பி போன்ற சிப் நிறுவனங்கள் இதே தேவைக்கு, ஆண்ட்ராய்டுக்காக கூகுள் எழுதிய, ரெப்போ என்றே பெயருள்ள டூலைப் பயன்படுத்துகின்றன. டூல் எதுவானாலும் பரவாயில்லை.

யாமல் எழுதுவது சில நாள் பாடம். ஏஐயிடம் கேட்டால் அதுவே எழுதித் தரும். அதில் இருக்கிற கமிட் ஏன் அந்த கமிட், பில்ட் உடைந்தால் எந்த லாகைத் திறப்பது, ஒரு பேட்ச் (கோடில் போடும் திருத்தம்) ஏன் புதிய கெர்னலில் ஒட்டவில்லை, இதெல்லாம் தெரிந்தவர்தான் கம்பெனிக்கு வேண்டும். இன்டர்வியூவில் நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு: "ஒரு ரெசிபியில் ஒரு வரி மாற்றினால் எதெல்லாம் மறுபடி பில்ட் ஆகும், ஏன்?" (ஒரு மென்பொருளை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ஃபைல்தான் ரெசிபி.) ஒவ்வொரு டாஸ்க்குக்கும் அதன் உள்ளீடுகளை வைத்து பிட்பேக் ஒரு ஹாஷ், அதாவது உள்ளீடு மாறினால் மாறும் ஒரு அடையாளம் போடுகிறது; ஹாஷ் மாறாதவற்றை, முன்பே கட்டிச் சேமித்த கேஷிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த கேஷை டீம் முழுக்கப் பகிர்ந்து மணிக்கணக்கை நிமிடக்கணக்காக்கத் தெரிந்த பையனை யாரும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் கட்டாயம். அங்கே விற்கும் கருவிக்குள் என்னென்ன மென்பொருள் இருக்கிறது என்ற பட்டியல் வேண்டும், பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் அப்டேட் கொடுக்க வேண்டும். பட்டியலை எடுத்துத் தரும் வசதி யோக்டோவிலேயே இருக்கிறது. ஆனால் பழைய இமேஜை அதே நிலையில் திரும்பக் கட்ட முடியாத கம்பெனி, அதில் ஒரு திருத்தத்தை மட்டும் எப்படிச் சேர்க்கும்? சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு எம்பெடட் (கருவிகளுக்குள் ஓடும் மென்பொருள்) வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இந்தக் கேள்வி வருகிறது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஃபிரெஷருக்கு நேராக "பில்ட் இன்ஜினியர்" என்ற வேலை கிடைப்பது அரிது. டெஸ்டிங், டிரைவர் மென்பொருள், போர்டு சப்போர்ட் என்று உள்ளே நுழைந்து இதற்கு நகர்வதே வழக்கம். வெப் வேலைகளைவிட இடங்களும் குறைவு. ஆகவே கேம்பஸ் இன்டர்வியூ எதையும் விடச் சொல்லாதீர்கள். சி மொழியும் கிட்டும் லினக்ஸ் கமாண்ட் லைனும் கைக்கு வராமல் யோக்டோவில் விழுந்திருந்தால், முதலில் அவற்றைப் பார்க்கட்டும்.

60 ஆயிரம் ரூபாய் கோர்ஸ் இப்போது வேண்டாம். யோக்டோவின் கையேடுகள் இலவசம். பிரான்சின் பூட்லின் நிறுவனம் தன் எம்பெடட் லினக்ஸ், யோக்டோ, அதே வேலைக்கான இன்னொரு டூலான பில்ட்ரூட் ஆகியவற்றின் பயிற்சிப் பாடங்களை இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை லேப்டாப்பில் போடுங்கள்: யோக்டோவுக்கு நூறு ஜிபிக்கு மேல் காலி இடம் தேவை, ரேம் 16 ஜிபிக்குக் குறைந்தால் தவிப்பான். அதுவரை இலகுவான பில்ட்ரூட்டில் பழகலாம். போர்டு கூட உடனே வேண்டாம், கணினிக்குள்ளேயே போர்டு போல இயங்கும் கியூஎமு மென்பொருளில் ஓட்டிப் பார்க்கலாம்.

அவனிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: ஒரு போர்டு அல்லது கியூஎமுவுக்கான காஸ் ஃபைல், தானே எழுதிய ஒரு சின்ன லேயர், ஒரு ரீட்மீ (எப்படி ஓட்டுவது என்ற குறிப்பு), மூன்றையும் கிட்ஹப் தளத்தில் போடட்டும். பிறகு யோக்டோவே பார்த்திராத நண்பன் ஒருவனிடம் லிங்கை மட்டும் கொடுத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காரட்டும். நண்பன் எங்கே தடுமாறுகிறானோ அங்கே ரீட்மீயையோ யாமலையோ திருத்த வேண்டும். எதுவும் கேட்காமல் அவன் கணினியில் இமேஜ் பூட் ஆனதும், அந்த லிங்கை ரெஸ்யூமேயின் முதல் வரியில் போடலாம்.