நிலநடுக்கப் பொறியியல் படித்தால் வேலை இருக்குமா?

சிவில் முடித்துவிட்டு நிலநடுக்கப் பொறியியலில் மேற்படிப்பு என்று மகள் பிடிவாதமாக நிற்கிறாள், எப்போதோ வரும் நிலநடுக்கத்தை நம்பி ஒரு படிப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் இந்தத் துறையில் யாரும் நிலநடுக்கம் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. அவர்களுடைய வேலை ஏற்கெனவே எழும்பி, ஆட்கள் குடியிருக்கும் கட்டடங்களில் இருக்கிறது.

1971 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோவில் நிலம் அதிர்ந்தபோது, ஆலிவ் வியூ மருத்துவமனையின் புத்தம் புதிய கட்டடம் நாசமானது. அதன் கீழ்த்தளத்தில், நெட்டுக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையங்களான ரிங்குகளைத் தள்ளித் தள்ளிக் கட்டிய தூண்கள் நொறுங்கிப் போயிருந்தன. கம்பியை நெருக்கமாகச் சுருளாகச் சுற்றிய தூண்களோ, வெகுவாகச் சாய்ந்த பிறகும் மேல்தளங்களைத் தாங்கி நின்றன. தூணின் பருமன் மட்டும் போதாது, உள்ளிருக்கும் கான்கிரீட்டை ரிங் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பது அதன் பிறகுதான் விதிமுறைகளில் அழுத்தமாக ஏறியது. ரிங்கின் முனையை 90 டிகிரியில் மடித்தால், வெளிப்புறக் கான்கிரீட் உதிர்ந்ததும் அது விரிந்துவிடும். 135 டிகிரிக்கு மடித்து உள்ளே செருகினால் பிடி விடாது. உயிர் போவதும் பிழைப்பதும் இப்படிப்பட்ட சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது. எனக்கு இந்தத் துறையின் மேல் மரியாதை வந்ததே இதனால்தான்.

விதி மாறிவிடும், கட்டடம் மாறாது. ஜப்பான் 1981இல் விதிகளைக் கடுமையாக்கியது. 1995இல் அங்கே கோபே நகரம் அதிர்ந்தபோது, 1981க்கு முன் கட்டியவையே அதிகம் அடிபட்டன. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 2015இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, பழைய பாணி கான்கிரீட் கட்டடங்களைச் சரிசெய்ய உரிமையாளர்களுக்கு 25 ஆண்டு அவகாசம் கொடுத்தது. ஒரு தலைமுறைப் பொறியாளர்களுக்கு வேலை தரும் சட்டம் அது.

அந்த வேலை எப்படி இருக்கும் என்பது உங்கள் மகளுக்கும் தெரிய வேண்டும். பழைய வரைபடம் கிடைத்தால் அதைப் படிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கருவி வைத்துக் கம்பி எங்கே ஓடுகிறது என்று தேட வேண்டும், கான்கிரீட்டில் துளையிட்டு மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். அப்புறம் கணினியில் மாதிரி உருவாக்கி ஆட்டிப் பார்ப்பார்கள். தூணைச் சுற்றிப் புதிதாகக் கான்கிரீட்டோ இரும்போ போர்த்தி ஜாக்கெட் போடுவதா, ஃபைபர் துணி சுற்றுவதா, புதிதாகக் கான்கிரீட் சுவர் எழுப்புவதா என்ற முடிவுதான் கடினமானது. உரிமையாளரிடம் பணம் அளவாகத்தான் இருக்கும், உள்ளே குடியிருப்பவர்களை எளிதில் வெளியேற்றவும் முடியாது.

சம்பளத்தை மறைத்துச் சொல்ல மாட்டேன். முதல் சில ஆண்டுகள் சாதாரண வடிவமைப்பு அலுவலகத்தில் பீம், ஸ்லாப் கணக்குப் போட வேண்டியிருக்கும், மென்பொருள் துறைக்குப் போன நண்பர்கள் கூடுதலாகச் சம்பாதிப்பார்கள். பல நாடுகளில் அனுபவமும் தேர்வும் முடித்து உரிமம் வாங்கிய பிறகுதான் வரைபடங்களில் சொந்தமாகக் கையெழுத்திட முடியும். நிதானமாக ஏறும் தொழில் இது. வீட்டில் உடனடியாகக் கடன் அடைக்கும் நெருக்கடி இருந்தால், இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு மேற்படிப்புக்குப் போகட்டும். அந்த அனுபவம் வகுப்பிலும் கைகொடுக்கும்.

கல்லூரியைப் பார்க்கப் போனால் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். மாணவர்களே தூண் வார்த்து, உடைத்துப் பார்க்கிறார்களா? மென்பொருள் பயிற்சியை மட்டும் பெருமையாகக் காட்டும் இடம் வேண்டாம். கையால் கணக்குப் போடத் தெரியாதவருக்கு, கணினி தவறான விடை கொடுத்தால் அது தவறு என்றே தெரியாது.

அதற்கு முன் மகளிடம் ஒன்று கேளுங்கள். வண்டி நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவர் இல்லாமல் விட்ட கட்டடங்கள், நிலநடுக்கத்தில் ஏன் அந்தத் தளத்திலேயே உட்கார்ந்துவிடுகின்றன? விடை தெரியாவிட்டால் பரவாயில்லை. தாளும் பென்சிலும் எடுத்து வரைந்து பார்க்க உட்கார்ந்தால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.