காரின் குரோம் கிரில்லில் ரப்பர் ஸ்ப்ரே அடிக்கலாமா?

தாராளமாக அடிக்கலாம். இது காய்ந்ததும் ரப்பர் படலமாகிவிடும் ஸ்ப்ரே பெயின்ட். கிரில், லோகோ, ஜன்னலோரக் குரோம் பட்டி எல்லாவற்றுக்கும் பொருந்தும். பிடிக்காவிட்டால் தோல் மாதிரி உரித்துவிடலாம். ஆனால் சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக் பம்பரில் வேண்டாம், அந்த வரிகளுக்குள் இறங்கிவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

பலர் கெடுப்பது கனத்தில்தான். டப்பாவைச் சிக்கனம் பிடித்து இரண்டு கோட் (பூச்சு) மட்டும் அடித்து நிறுத்தினால், பிறகு உரிக்கும்போது துணுக்குத் துணுக்காகக் கிழியும். முதல் கோட் குரோம் தெரியும்படி லேசாக, அதன்மேல் ஈரம் மினுங்கும்படி நாலைந்து கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே காயவிட்டு. கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே மாஸ்கிங் டேப்பை எடுங்கள். காய்ந்தபின் இழுத்தால் ஓரமும் சேர்ந்து வரும். ஏற்கெனவே மெல்லிசாக அடித்துவிட்டீர்களா? அதன்மேலேயே கனமாக இன்னொரு கோட் அடித்து, நன்றாகக் காயவிட்டு உரியுங்கள், முழுசாக வரும்.

வாக்ஸ், எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவித் துடைப்பது கட்டாயம். பெங்களூரில் சாயங்காலம் மழை எப்போது வருமென்று சொல்ல முடியாது, எனவே வெயில் நாளில் காலையிலேயே தொடங்குங்கள். டப்பாவை அங்கே வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் கேட்டுப் பாருங்கள். பெட்ரோல் மூடியருகே மட்டும் அடிக்காதீர்கள், பெட்ரோல் பட்டால் இது கரைந்துவிடும்.